காலையில் வகுப்பு, மாலையில் நண்பர்கள்

பிளஸ் டூ முடித்த மாணவர், திண்டுக்கல்: எட்டு போடப் பழகிவிட்டேன். டிரைவிங் ஸ்கூலில் இன்னும் போர்டு முன்னால் உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறார்கள். அவசியமா?

எட்டு உங்கள் கையைப் பழக்குகிறது. போர்டுப் பாடம் கண்ணைப் பழக்குகிறது. வட்டப் பலகை கட்டளை. முக்கோணம் எச்சரிக்கை. நீள்சதுரம் தகவல். ‘நில்’ பலகைக்கு மட்டும் எட்டு மூலை. அதன் எழுத்தைச் சுவரொட்டி மறைத்திருந்தாலும் வடிவமே சொல்லிவிடும். தலைகீழ் முக்கோணம் தெரிந்தால் வழிவிட வேண்டும். மைதானத்தில் எதிரே லாரி வராது, சாலையில் வரும். அதனால் வகுப்பை விடாதீர்கள்.

மாணவி, தஞ்சாவூர்: எல்எல்ஆர் தேர்வுக்குக் கேள்வி-விடைகளை மனப்பாடம் செய்தால் போதாதா?

தேர்ச்சிக்கு 60 விழுக்காடு போதும். விட்டுப்போன 40-ஐச் சாலை கேட்கும்.

ஒரு தாய், மதுரை: மகனுக்கு 16 முடிந்துவிட்டது. கியர் இல்லாத வண்டிதானே, டியூஷனுக்கு ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்பலாமா?

கூடாது அம்மா. 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டும். அதுவும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்து, முறைப்படி லைசென்ஸ் வாங்கிய பிறகு. இன்று வீட்டு வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி. அவற்றுக்கு 18 நிறைய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்குச் சைக்கிள் இருக்கிறது.

எல்எல்ஆர் வாங்கியவர், சேலம்: ‘எல்’ போர்டு மாட்டியாயிற்று. நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாமா?

பைக் என்றால், லைசென்ஸ் உள்ள பயிற்றுநரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் ஆர்டிஓ ஆபீசில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். அதுவரை நண்பன் பஸ்ஸில் வரட்டும். உண்மையான நண்பன் என்றால் வருவான்.

கல்லூரி முதலாண்டு மாணவி, கோவை: மாலையில் நண்பர்கள் டீக்கடையில் கூடுவோம். கிளம்பும்போது ‘டிரிபிள்ஸ் போகலாம், பக்கத்துத் தெருதானே’ என்கிறார்கள். மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். காலையில் வகுப்பில் ‘புரிந்தது சார்’ என்று தலையாட்டுவது சுலபம். கற்றதற்கு நிஜமான தேர்வு மாலையில், நண்பர்கள் நடுவில்தான் நடக்கிறது.

போலீஸைச் சொல்லாதீர்கள், ‘இந்தத் தெருவில் ஏது போலீஸ்?’ என்று மடக்கிவிடுவார்கள். வண்டியைச் சொல்லுங்கள். மூன்றாவது ஆளுக்குக் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இல்லை. அவர் பின்நுனியில் உட்கார்ந்தால் பாரம் பின்னுக்குப் போகிறது, முன்சக்கரத்தின் பிடி தளர்கிறது, ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. இதற்குப் பக்கத்துத் தெரு, தூரத்துத் தெரு என்ற பேதமில்லை. அப்புறம் சட்டத்தையும் சொல்லலாம்: 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸுக்குத் தடை. ‘நீ ஓட்டுடா, நான் நடந்து வருகிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். உங்களோடு இன்னொருவரும் நடந்து வருவார் என்று நம்புகிறேன். பயந்தவர் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் ஏறிக்கொள்வார். மறுக்கத்தான் தைரியம் வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர், நாகர்கோவில்: ஹெல்மெட் போட்டால் முடி கலைகிறதே?

கலைந்த முடிக்குச் சீப்பு போதும். தாடைப் பட்டையையும் மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது.

பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு: 40-இல் போனால் என்ன, 60-இல் போனால் என்ன? பிரேக் இருக்கிறதே?

மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. 60-இல் கிட்டத்தட்ட 17. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. இதை பிரேக்கால் மாற்ற முடியாது.

மாணவர், விழுப்புரம்: நண்பர்களோடு போகையில் கண்ணெதிரே விபத்து. உதவப் போனால் கேஸில் மாட்டிக்கொள்வோமா?

மாட்டீர்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 134ஏ பிரிவு. பெயர், விலாசம் சொல்லும்படியும் வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியாரும் உட்பட, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆகவே கூடி நின்று வீடியோ எடுக்காமல் ஒருவர் 108-ஐ அழையுங்கள், மற்றவர்கள் வரும் வண்டிகளை விலக்கி விடுங்கள். அடுத்த முறை டீக்கடையில் கூடும்போது இதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.