பத்தே பத்து பீஸ்தான் பாக்கி!

ஏட்டி பேத்தி, மயிலாப்பூர்ல ரூம் எடுத்துட்டேன், டிவி ஷாப்பிங் நிகழ்ச்சில பேசுத வேலை கெடைச்சிட்டு, ஆசீர்வாதம் பண்ணு தாத்தான்னு போன்ல சொன்ன. பண்ணிட்டேன். அதுகூட ஓசியில கொஞ்சம் புத்தியும் சொல்லுதேன், வாங்கிக்கோ. டெலிவரி சார்ஜ் கெடையாது. பிடிக்கலைன்னா ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம். ஆனா அதுக்குக் குடுத்த நம்பருக்கு எத்தன மட்டம் அடிச்சாலும் ஒருத்தனும் எடுக்க மாட்டான். உங்க தொழில் முறை அப்படித்தானே?

ஊர்ல விசாரிக்கவங்களுக்கு என்ன சொல்லன்னு எனக்குத்தான் குழப்பம். "பேத்தி டிவில வாரா"ன்னேன். "சீரியலா, செய்தியா?"ன்னு கேட்டாரு நம்ம கோயில் பூசாரி. "முழங்கால் வலி பெல்ட்டு"ன்னேன். மனுசனுக்கு மூஞ்சி அப்படியே மலந்துட்டு. "எனக்கு ஒண்ணு சும்மா கெடைக்குமாவே?"ங்காரு. செய்தி வாசிக்கவளுக்கு இந்த மரியாதை வருமா, நீயே சொல்லு.

இந்தத் தொழில் பொறந்த கதைய உங்க பயிற்சில சொல்லிக் குடுத்தாங்களா? இல்லைன்னா கேட்டுக்கோ. அமெரிக்காவுல ஃபுளோரிடான்னு ஒரு பக்கம், அதுல கிளியர்வாட்டர்னு ஒரு ஊரு. 1977-ல அங்க ஒரு ரேடியோக்காரருக்கு விளம்பரக் காசு பாக்கி. கடன்காரன் கையில பணம் இல்ல, தகர டப்பா திறக்க கரண்டு மிஷின்தான் இருக்கு, 112 உருப்படி, பச்சைக் கலர்ல. காசுக்குப் பதிலா அதைத் தூக்கிக் குடுத்துட்டான். ரேடியோ முதலாளி, பாப் சர்கோஸ்டான்னு நிகழ்ச்சி நடத்துன ஆளைக் கூப்பிட்டு, "மைக்குல சொல்லி வித்துரு"ன்னுட்டாரு. ஒண்ணு 9 டாலர் 95 சென்ட்டு. அம்புட்டும் போயிட்டு. இந்த வியாபாரம் 1982-ல உள்ளூர் கேபிள் டிவிக்கு வந்து, 1985-ல நாடு பூராவும் பரவிட்டு. ஆக, காசு குடுக்காத கடைக்காரனும், மாட்டேன்னு சொல்லத் தெரியாத அறிவிப்பாளனும்தான் உங்க தொழிலுக்கு அப்பனும் ஆத்தாளும். அந்த அஞ்சு சென்ட்டு கொறச்சலு இருக்கு பாத்தியா, அதை நம்ம ஊருக்குப் பாட்டா செருப்புக் கடைக்காரன் எப்பவோ பழக்கிட்டான். அதனால உன் 999 ரூவாயப் பாத்து எங்களுக்கு ஒண்ணும் மலைப்பில்ல.

நம்ம பக்கம் இது வந்தது தொண்ணூறுகள்ல. ராத்திரி நாடு உறங்கின பொறவு ஒரு வெள்ளக்காரி வயித்துல பெல்ட்டக் கட்டிக்கிட்டு ஆடுவா. அவ வாய் ஒரு சோலி பாக்கும், தமிழ் வேற ஒரு சோலி பாக்கும். அவ பேசி முடிச்சு வாய மூடின பொறவும் தமிழ் ஓடிக்கிட்டே இருக்கும். பொறவு 2008-ல ஹோம்ஷாப்18 வந்து, நாள் முழுக்க விக்கதுக்குன்னே சேனலு ஆயிட்டு. நாப்டால்காரன் தமிழ்லயே சேனல் வச்சான். இப்போ நீ சுத்தமான திருநெல்வேலித் தமிழ மென்னு முழுங்கிட்டு, "வாவ், என்ன ஒரு ஆஃபர்!"ங்க. பரவால்ல, வாயாவது பொருந்துது.

காதுக்குள்ள என்னமோ சொருகி வச்சிருக்கியாமே? உள்ள இருந்து ஒருத்தன், "நேரம் போவுது, இன்னும் உற்சாகம், இன்னும் உற்சாகம்"னு முடுக்குவானாமே? முடுக்கட்டும். ஆனா அந்தப் "பத்தே பத்து பீஸ்தான் பாக்கி, இப்பவே கூப்பிடுங்க" இருக்கு பாரு, அதுல மட்டும் கொஞ்சம் நிதானம். எப்பவோ படம் பிடிச்ச நிகழ்ச்சி. பொங்கலுக்குப் போட்டான், பத்து பாக்கி. சித்திரைக்குப் போட்டான், அப்பவும் பத்து. மணிமேகலை கையில இருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் கொறையாதுன்னு படிச்சிருக்கேன். ஆனா எடுக்காமலே பத்துல நிக்க பாத்திரத்த உங்க ஆபீஸ்லதான் பாக்கேன்.

இத நான் மட்டும் சொல்லலை. டெல்லியில நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்னு ஒண்ணு இருக்கு. 2022 பிப்ரவரியில அவங்க நாப்டாலுக்கு 10 லட்சம் அபராதம் போட்டாங்க. என்னென்ன விளம்பரத்துக்குத் தெரியுமா? ரெண்டு செட் தங்க நகை, காந்த முழங்கால் பட்டை, அக்குபிரஷர் யோகா செருப்பு. பதிவு பண்ணின நிகழ்ச்சின்னா பதிவுன்னு எழுதிக் காட்டு, இன்னைக்கு வாங்கலைன்னா நாளைக்குக் கெடைக்காதுன்னு பொய்த் தட்டுப்பாடு காட்டாதன்னும் உத்தரவுல இருக்கு. சர்க்காரு ஒக்காந்து காந்தப் பட்டையப் பத்தித் தீர்ப்பு எழுதுத காலம் வந்துட்டு, நீ அப்பதான் வேலைக்குச் சேந்திருக்க.

2019-ல வந்த நுகர்வோர் சட்டத்துல மூஞ்சிக்கும் வெல போட்டாச்சு. பொய்யான விளம்பரத்துல நின்னு 'இது நல்லது'ன்னு பரிந்துரைக்கவங்களுக்கு மொத மட்டம் 10 லட்சம் வரைக்கும், மறுமட்டம் 50 லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு. ஒரு வருசம், பொறவு மூணு வருசம்னு விளம்பரத்துல தலைகாட்டவும் தடை போடலாம். ஆனா நல்லா விசாரிச்சுட்டுத்தான் சொன்னேன்னு காட்டினா தப்பிச்சுக்கலாம். அதனால "நானே கட்டிப் பாத்தேன், வலி போயிட்டு"ன்னு வாய விடாத. உனக்கு வயசு இருபத்து நாலு, உனக்கு ஏது வலி? அந்த விசாரணைக்கு ஆள் வேணும்னா எங்கிட்ட ரெண்டு முழங்கால் இருக்கு, உங்க ஆச்சிகிட்ட ரெண்டு இருக்கு. நாலு பெல்ட்டு அனுப்பு, சட்டப்படி சோதிச்சுச் சொல்லுதோம்.

உயரமாக்குத பொடி, சர்க்கரைய வேரோட பிடுங்குத கசாயம், இதெல்லாம் கையில குடுத்தா ஜொரம்னு லீவு போட்டுரு. மாய மருந்து விளம்பரத்துக்கு எதிரா 1954-லயே சட்டம் இருக்கு. அதோட பட்டியல்ல சர்க்கரையும் உண்டு, உடம்புப் பெருக்கமும் உண்டு, ஆள் உயரமும் உண்டு. உன் சித்தப்பன் ஒரு காலத்துல அந்த உயரப் பொடிய ஆறு மாசம் பாலுல கலக்கிக் குடிச்சான். வளந்தான், இல்லங்கலை. பக்கவாட்டுல வளந்தான்.

நீ கவலப்படுதது வேற எதுக்கோன்னு எனக்குத் தெரியும். "எத்தன நாளைக்கு தாத்தா இந்த மிக்ஸியத் தூக்கிக் காட்டுதது, அடுத்து என்ன?"ன்னு கேட்டல்லா. மேல போனவங்க பட்டியலும் நீதான் சொன்ன. விஜய் டிவில ஜோக்கு சொல்ல வந்து, தொகுப்பாளரா நின்னு, சினிமாவுல நாயகன் ஆயிட்டாரு சிவகார்த்திகேயன். புதிய தலைமுறையில செய்தி வாசிச்ச பிரியா பவானி சங்கரு நடிகையாயிட்டாங்க. டிவில வந்த ஜேம்ஸ் வசந்தன் 2008-ல சுப்பிரமணியபுரத்துக்குப் பாட்டுப் போட்டாரு. எல்லாம் சரிதான். அவங்கள்லாம் பேச்சையும் சிரிப்பையும் வித்தாங்க. ஒருத்தரும் மிக்ஸி விக்கலை.

அந்தக் காலத்துல எங்களுக்கு ரேடியோ சிலோன். அப்துல் ஹமீது பேசினா வெத்தலைய மெல்லாம வாயில அடக்கி வச்சிருப்போம். அவரு இங்க சன் டிவிக்கு வந்து பாட்டுக்குப் பாட்டு நடத்தினப்போ நிகழ்ச்சிக்கு முன்னால நகைக்கடை பேரு வந்து ஏறிக்கிட்டு: லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு. அது நிகழ்ச்சி பேரோட போச்சு. பெப்ஸி உமா கதையப் பாரு. நிகழ்ச்சிய நிப்பாட்டி வருசம் எத்தனையோ ஆச்சு, இன்னைக்கும் வெறும் உமான்னா ஒருத்தருக்கும் தெரியாது. சோடாக் கம்பெனி பேரு ஒட்டினது ஒட்டினதுதான். அதுவாவது கேக்கதுக்கு ஜில்லுன்னு இருக்கு. நாளைக்கு உனக்கு 'முழங்கால் பெல்ட்டு'ன்னு அடைமொழி விழுந்தா மாப்பிள்ள பாக்கதுக்கு நான் எந்தத் தெருவுல போயி நிக்க?

மிக்ஸி வித்தே மேல போனவரு வேணும்னா நம்ம தெக்கத்தி ஆள் ஒருத்தரு உண்டு. அகஸ்தீஸ்வரத்துக்காரரு, வசந்தகுமாரு. மெட்ராசுல தவணைக்குச் சாமான் குடுத்துப் பேரெடுத்த வி.ஜி.பி. கடையில சாதாரண சேல்ஸ்மேனா நின்னாரு. 1978-ல வசந்த் அண்ட் கோ தொடங்கினாரு. பொறவு அவரு செஞ்சதுதான் உனக்குப் பாடம். விளம்பரத்துக்கு நடிகையத் தேடலை. சட்டையப் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, தானே வந்து நின்னாரு. டிவி, ஃபிரிட்ஜு, கிரைண்டரு எது வந்தாலும் பக்கத்துல அந்தச் சிரிப்பும் வரும். 2008-ல வசந்த் டிவின்னு சேனலே வச்சுட்டாரு. அடுத்த கடை விளம்பரம் போட எடம் தேடும், இவரு விளம்பரம் போட டிவியவே தொடங்கினாரு! நாங்குநேரியில 2006-லயும் 2016-லயும் எம்.எல்.ஏ., 2019-ல கன்னியாகுமரி எம்.பி. ஓட்டுக் கேட்டு வீதியில வந்தப்போ அவரு யாருன்னு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டி இருக்கலை. முப்பது வருசமா வீட்டுக்குள்ளயே வந்து போன முகம்லா? 2020 ஆகஸ்ட்டுல கொரோனா அவரைக் கொண்டுட்டுப் போயிட்டு. நல்ல மனுசன், கூவி வித்ததுக்கு ஒரு நாளும் வெக்கப்படலை.

ஆனா அவரு காட்டின வழியில ஒரு வில்லங்கம் இருக்கு பேத்தி, அது உன் சோத்துல கைவைக்க வில்லங்கம். முதலாளியே மூஞ்சியக் காட்டிட்டா, நடுவுல நிக்க உனக்கு எதுக்குச் சம்பளம்? லலிதா ஜூவல்லரி கிரண்குமாரு தானே வந்து செய்கூலி சேதாரம் பேசுதாரு. தி.நகர்ல கடை வச்சிருக்க சரவணன் அண்ணாச்சி என்ன செஞ்சாரு? நடிகைங்க தமன்னாவையும் ஹன்சிகாவையும் கூட்டிட்டு வந்து, அவங்களுக்கு நடுவுல தானும் ஆடினாரு. நாடே சிரிச்சுது. சிரிச்சவங்க அம்புட்டு பேரும் கடை பேரை மனப்பாடம் பண்ணிட்டாங்க. 2022 ஜூலையில, விளம்பரம் எடுத்த அதே ஜேடி-ஜெரிய வச்சு, 'தி லெஜண்ட்'னு முழுப் படமே வந்துட்டு. விளம்பரம் ரெண்டரை மணி நேரம் ஓடினா அதுக்குப் பேரு சினிமா, பாத்துக்கோ.

இப்போ முதலாளியும் வேண்டாம், சேனலும் வேண்டாம்னு ஆயிட்டு. போனை நிறுத்தி வச்சு, தோள்ல சேலையப் போட்டு, "அக்கா, இந்தக் கலர் ஒண்ணுதான் இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க"ன்னு வீட்டு ஹால்லயே விக்காங்க. அங்கயும் ஒண்ணுதான் பாக்கி, கவனிச்சியா? சீனாவுல இப்படி லைவ்ல வித்து ராணியா இருந்தவ, வியான்னு பேரு. 2021 டிசம்பர்ல வரி ஏய்ப்புன்னு 134 கோடி யுவான் கட்டச் சொல்லிட்டாங்க. உனக்கு அந்த அளவுக்கு ஆபத்து வராதுன்னு நெனைக்கேன். வந்தா எனக்கு ஒரு போன் போடு, நம்ம ஊர்ல ஆடிட்டர் ஒருத்தரு இருக்காரு.

நடுவுல மனை விக்கவன்கிட்ட இருந்து வேற அழைப்பு வரும். ஞாயித்துக்கிழமை காலையில கூலிங்கிளாஸ் போட்டு, பொட்டல் காட்டுல நிறுத்தி, "சென்னைக்கு மிக அருகில்"னு சொல்லச் சொல்லுவான். பின்னால பாத்தா திண்டிவனம் மைல் கல்லு நிக்கும். போகாத. போனாலும் மைல் கல்ல மறைச்சு நில்லு. இப்படித்தான் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளத்தா வீட்டுல இருந்தே காசுன்னு சினிமாக்காரங்க வந்து சொன்னாங்க. 2012-ல கம்பெனி மூடிட்டு. கோழி அனாதையா நின்னுது, காசு போட்டவன் கலெக்டர் ஆபீஸ்ல நின்னான். சொன்னவங்க அடுத்த படத்துக்குப் போயிட்டாங்க. அப்போ அந்த 2019 சட்டம் வரலை, தப்பிச்சாங்க.

இன்னொண்ணு. லீவு நாள்ல மால் மாலா அலையாத. லஸ்ஸுல பஸ் ஏறி தி.நகர் போயி, ரங்கநாதன் தெரு முனையில ஓரமா நில்லு. தரையில விரிச்சுப் போட்டுக் கூவுத பயலுவளப் பாரு. அவன் காதுல கருவி கெடையாது. எதிர்ல வார பொம்பள நடைய வச்சே, வாங்குவாளா, சும்மா வெல கேப்பாளான்னு சொல்லிருவான். அவனும் பொய் சொல்லுவான். ஆனா அளந்து சொல்லுவான், ஏன்னா நாளைக்கும் அதே எடத்துல நிக்கணும். சாயம் போன துணியோட வாரவளுக்கு அவன் மூஞ்சி எட்டுத தூரம்தான். உள்ள கடைகள்ல நிக்க பிள்ளைங்கள்ல நெறைய நம்ம பக்கத்துப் பிள்ளைங்கதான். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்ன கால். 2021-ல கடை ஆளுங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்னு இங்க சட்டத்துல தனியாத் திருத்தமே கொண்டு வந்தாங்க. நீயும் மணிக்கணக்கா நின்னுதான் பேசுத. நாற்காலியக் கேட்டு வாங்கு, அதுல என்ன கூச்சம்?

வாங்கினவங்களுக்கு உன் மூஞ்சி மட்டும் எட்டாத தூரம்னு நெனைக்காத. மயிலாப்பூர்ல குடியிருக்க. அறுபத்து மூவர் கூட்டத்துல தேங்காய் மூடியோட ஒரு மாமி உன்னப் பிடிப்பா. "ஏண்டி பொண்ணே, நீதானே அந்த காய்கறி நறுக்கற டப்பா? ரெண்டு வெங்காயத்துக்கே கயிறு அறுந்துடுத்து"ம்பா. அப்போ "நான் வெறும் பிரெசென்டர்தான் மாமி"ன்னு ஆரம்பிக்காத, மாட வீதி நாலும் கேக்கும்படியா கிழிச்சிருவா. 1915-னு நுகர்வோர் உதவி எண் இருக்கு மாமி, புகார் குடுங்கன்னு சொல்லு. சொல்லிட்டு ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போகாத, அடையாறு பக்கம் போயி காய்கறி வாங்கிக்கோ.

சரி, வச்சிருதேன். உங்க ஆச்சி வேற போன வாரம் ஒரு ராத்திரி முழிச்சிருந்து நீ வந்த நிகழ்ச்சியப் பாத்தா. "பிள்ள தொண்ட வறளக் கத்துதா, ஒருத்தரும் வாங்கலைன்னா முதலாளி ஏசுவாம்லா"ன்னு நான்ஸ்டிக் சட்டி மூணு செட்டு சொல்லிட்டா. வீட்டுல ஆளு ரெண்டு, அடுப்பு ஒண்ணு. கொரியர்காரன் வந்து வாசல்ல நிக்கான், காசு கேக்கான். இப்போ குடுத்துருதேன், மொதச் சம்பளத்துல பிடிச்சு அனுப்பிரு.