மறுமை எங்கே இருக்கிறது?

கேள்வி: மறுமை என்பது மேலுலகமா, அடுத்த பிறவியா?

பதில்: இரண்டும்தான். இப்போது வாழும் வாழ்வு இம்மை. இறந்தபின் வருவது மறுமை. அது மண்ணிலா விண்ணிலா என்பதைச் சொல் முடிவுசெய்வதில்லை. அச்சொல்லை ஆள்வோரின் நம்பிக்கையே முடிவுசெய்கிறது.

குறுந்தொகை 49ஆம் பாட்டில் அம்மூவனாரின் தலைவி, மறுமையிலும் தன் தலைவனே கணவனாக வேண்டும் என விரும்புகிறாள். அங்கே அது மறுபிறவி. புறநானூறு 134இல் முடமோசியார், மறுமைப் பயனை எதிர்பார்த்து அறம் செய்வதை வணிகம் என்கிறார். வள்ளல் ஆய் அப்படிப்பட்ட வணிகன் அல்லன் எனப் போற்றுகிறார். இன்சொல் இம்மையிலும் மறுமையிலும் இன்பம் தரும் என்பது திருவள்ளுவர் வாக்கு.

தமிழ் முஸ்லிம்கள் ‘ஆகிரத்’ என்ற அரபுச் சொல்லுக்கு ஈடாக ‘மறுமை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றனர். அங்கே மறுபிறவிக்கு இடமில்லை. இறந்தோர் எழுப்பப்பட்டு விசாரிக்கப்படும் நாளே ‘மறுமை நாள்’.

மறுமையை மறுவாழ்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அகதிகள், போதைப்பழக்கத்திலிருந்து மீள்வோர் முதலியோருக்கு அளிக்கப்படும் மறுவாழ்வு முழுக்க முழுக்க இம்மையைச் சேர்ந்தது. அதற்கு இறக்க வேண்டியதில்லை.