ஸ்டோனர் குறைத்ததும் மச்சான் ஏற்றியதும்

டெக்சஸில் குடியேறும் நம் ஆட்கள் முதலில் கார் வாங்குவார்கள், அப்புறம் வீடு, அப்புறம் புல்வெட்டும் மெஷின். வாங்குவதற்கு வேறொன்றும் பாக்கியில்லாத கட்டம் ஒன்று வரும். அப்போது சிலர் கோயில் கமிட்டியில் சேருவார்கள். என் மனைவியின் அண்ணன் ஏ.ஆர்-15 துப்பாக்கி வாங்கினார்.

அவரோடு ரேஞ்சுக்குப் போய்ப் போய் எனக்கும் ஓரளவு சுட வரும். பிடிக்கவும் செய்கிறது, அதை ஒளித்துப் பயனில்லை. ஆனால் பிடித்த விஷயத்தில் குறை கண்டுபிடிக்கும்போது வருகிற சுகம் பிடிக்காததில் குறை சொல்லும்போது வருவதில்லை. கல்யாண வீட்டில் சாம்பாரை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு உப்பு கம்மி என்று சொன்னவர்களின் பரம்பரை நான்.

முதலில் யூஜின் ஸ்டோனருக்காக வருத்தப்பட்டுவிடுகிறேன். 1950களின் கடைசியில் இந்தத் துப்பாக்கியை வடிவமைத்தவர் அவர். அவர் வேலை பார்த்த ஆர்மலைட் கம்பெனி, ஃபேர்சைல்டு என்ற விமானக் கம்பெனியின் ஒரு பிரிவு. அன்றைக்கு ராணுவம் தூக்கிக்கொண்டிருந்தது நாலு கிலோவைத் தாண்டும் மரமும் இரும்பும். ஸ்டோனர் அலுமினியம், பிளாஸ்டிக் என்று விமானக்காரர் புத்தியோடு யோசித்து மூன்று கிலோவுக்கும் கீழே கொண்டுவந்தார். உரிமையை 1959-ல் கோல்ட் கம்பெனி வாங்கியது. 1964-ல் பொதுமக்களுக்கான மாடல் விற்பனைக்கு வந்தது. 1977-ல் காப்புரிமை காலாவதியானதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி, இன்று இந்த ரகத் துப்பாக்கிகள் அமெரிக்காவில் இரண்டு கோடிக்கும் மேல் இருப்பதாகத் தொழில்துறைக்காரர்களே சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றை, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தேன். மச்சானுடையது. அஞ்சு கிலோவைத் தாண்டி முள் நின்றது. அந்த மனிதர் கிராம் கிராமாகக் குறைத்ததை எல்லாம் இவர் கிரெடிட் கார்டால் திரும்ப ஏற்றிவிட்டார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் பிக்காட்டினி ரெயில். பிக்காட்டினி என்பது நியூ ஜெர்சியில் உள்ள ராணுவ ஆயுதச் சாலையின் பெயர். துப்பாக்கியின் முதுகில் பல்பல்லாகத் தெரியும் அந்தப் பட்டைக்கு 1995-ல் ராணுவம் ஒரே அளவை நிர்ணயித்தது. எந்தக் கம்பெனி ஸ்கோப்பும் எந்தத் துப்பாக்கியிலும் உட்காரட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் கொலுப்படி கட்டிய வீட்டில் ஒரு படியைக் காலியாக விட முடியுமா? மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு பக்கமும் ரெயில் வந்தது. நான்கு பக்கமும் பொம்மை வந்தது. பொம்மை இல்லாத இடத்தில் அந்தப் பல் உள்ளங்கையைச் சீவியது. அதற்கு ரப்பர் மூடி விற்றார்கள். காசு கொடுத்து ரெயில் வாங்கி, அது தெரியாமலிருக்கக் காசு கொடுத்து மூடி வாங்கி, மூடி வழுக்குகிறது என்று கையுறையும் வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. இப்போது எம்-லாக் என்று வழவழப்பான குழாயில் நீளநீளமாகத் துளை போட்டுத் தருகிறார்கள். கை தப்பித்தது. பர்ஸ் தப்பவில்லை.

மச்சானின் துப்பாக்கியை முன்னாலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டே வந்தால் பிரேக், லேசர், டார்ச், பைபாட், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, பிறகு ரெட் டாட். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பெரிதாக்கிக் காட்ட மடக்கு லென்ஸ். புள்ளியின் பேட்டரி போனால் நிமிர்த்திக்கொள்ள மடக்கு இரும்புக் குறி. அதையும் லென்ஸ் மறைத்தால் துப்பாக்கியைச் சாய்த்துப் பார்க்க 45 டிகிரியில் இன்னொரு குறி. இத்தனையும் ஐம்பது கஜ தூரத்தில் அசையாமல் நிற்கும் காகிதத்துக்காக.

"மச்சான், இந்த டார்ச் எதுக்கு?"

"ராத்திரி திடீர்னு வீட்டுக்குள்ள யாராவது வந்துட்டா மாப்ளே?"

"ராத்திரி உங்க வீட்ல நடமாடுற ஒரே ஆள் உங்க பையன். ஃப்ரிட்ஜைத் திறக்க வருவான்."

"அதுக்குத்தான் துப்பாக்கியை சேஃப்ல பூட்டி வெச்சிருக்கேன்."

"அப்ப டார்ச்?"

"அதுவும் சேஃப்லதான்."

குழல் வாயில் திருகும் மஸில் பிரேக் மீது எனக்குத் தனி விரோதம். வெடிப் புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தோள்மேல் வரும் உதையைக் குறைப்பது அதன் வேலை. ஏ.ஆரின் சின்னத் தோட்டா உதைப்பதே கம்மி. என் பெரியப்பா அன்போடு முதுகில் தட்டினால் இதைவிட அதிகம். அந்தச் சொற்ப உதையையும் மிச்சம் பிடித்து, சுடுகிறவர் பக்கத்து மேடைக்காரரின் கன்னத்துக்கு அனுப்பிவைக்கிறார். கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்து மேடைக்காரர் எப்போதும் நான்தான். காதுக்கவசம் போட்டும் பல் கூசும்.

இந்த இடத்தில் ஒரு ஜாதிப் பிரச்சினையைச் சொல்லியாக வேண்டும். நான் இடதுகைக்காரன். சின்ன வயதில் அம்மா என் கையில் தட்டித் தட்டிச் சோறு மட்டும் வலது கைக்கு மாறியது. மற்றதெல்லாம் இடதுதான். ஏ.ஆர் காலிக் கூடுகளை வலப்பக்கம் துப்பும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அந்தப் பக்கம்தான் முகம். 1980களில் வந்த எம்16 ஏ2-வில், கூடு வெளியே வரும் ஜன்னலுக்குப் பின்னால் எங்கள் இனத்துக்காக ஒரு சின்ன உலோக மேட்டை வைத்தார்கள். கூடு அதில் முட்டி முன்பக்கமாக விலகிப்போகும். இன்றைக்கு வரும் ஏ.ஆர்களிலும் அந்த மேடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் என் மூக்குக்கு அது பாதுகாப்பு தந்ததே தவிர, ரேஞ்சின் தடுப்புப் பலகையில் பட்டுத் திரும்பி என் சட்டைக் காலருக்குள் நுழையும் கூட்டை அது என்ன செய்யும்? அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி கொதிக்கும். துள்ளக் கூடாது, திரும்பக் கூடாது, துப்பாக்கி வாய் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஆகவே நான் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்து, சேஃப்டி போட்டு, இரண்டடி பின்வாங்கி, அதற்கப்புறம்தான் ஆடுவேன். எல்லாம் முடிவதற்குள் பித்தளை பனியன்வரை போய் ஆறிவிட்டிருக்கும். இடதுகைக்காரர்களுக்கென்றே இடப்பக்கம் துப்பும் ஏ.ஆர் விற்கிறார்கள்தான். அதை வாங்கினால் என் கூடுகள் மச்சான் மேல் விழும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கிக்குள்ளேயும் ஒன்றிரண்டு கணக்குகள் தீர்க்க வேண்டியிருக்கிறது. வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஃபார்வர்டு அசிஸ்ட் பொத்தான் வேண்டவே வேண்டாம் என்றார் ஸ்டோனர், விமானப்படையும் அதையே சொன்னது. தரைப்படை அடம்பிடித்து வைக்கச் சொன்னது. உள்ளே சரியாக உட்காராத தோட்டாவை அழுத்தித் திணிப்பதற்கு. உட்கார மறுக்கும் தோட்டாவை வெளியே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் பொத்தான் அறுபது வருடமாக அங்கேயே இருக்கிறது. அடுத்து உள்ளே இருக்கும் ஒரு சுருள்வில். ஏ.ஆரில் அது கன்னம் வைக்கும் கட்டைக்குள்ளேதான் ஓடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் காதோரத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். சத்தம் போடாத வில்லும் தனியாக விற்கிறார்கள். மச்சானிடம் இருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

ஏ.ஆரை விட்டு மற்றவர்களிடம் போனாலும் நிம்மதியில்லை. ஏ.கே.யின் சேஃப்டியைத் தள்ளினால் எழும் சத்தத்தில் பக்கத்து ஊர் நாய் குரைக்கும். மேகசினை நேராகச் செருக விடாது, முன்னால் கொக்கி மாட்டிப் பின்னால் ஆட்டி உட்கார வைக்க வேண்டும். எஸ்.கே.எஸ் பெட்டியிலிருந்து வரும்போது காஸ்மோலின் என்ற பழுப்பு மசகு மரத்துக்குள் ஊறியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில் மறுபடி வியர்க்கும். எம்1 காரண்ட் அழகி. எட்டாவது தோட்டா போனதும் காலிக் கிளிப்பை 'டிங்' என்று எறிவாள். அடுத்த கிளிப்பை அழுத்தும்போது அஜாக்கிரதையாக இருந்தால் கட்டைவிரலைக் கவ்வுவாள். குறை சொல்ல வராத ஒரே துப்பாக்கி 1964-லிருந்து வரும் சாதுவான ரூகர் 10/22. அதற்கும் ஏ.ஆர் வேஷம் போட்டு, டார்ச் கட்டி, பைபாட் வைத்துக் கொண்டுவருகிறவர்களை ரேஞ்சில் பார்க்கும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் தன் ஏ.ஆரைக் காட்டினான். கழற்றக்கூடிய மேகசின் உள்ள துப்பாக்கிக்குப் பிஸ்டல் பிடி கூடாது என்கிறது அங்குள்ள சட்டம். அதனால் பிடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு, கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி. "இதை எப்படிடா பிடிக்கிறது?" என்றேன். "பிடிக்க முடியாதுங்கறதுதான் இதோட பாயிண்ட்" என்றான்.

ஒரே ஒரு உபகரணத்தைப் பற்றி எனக்குச் சிரிப்பு வருவதில்லை: பம்ப் ஸ்டாக். அரைத் தானியங்கியை முழுத் தானியங்கிபோல் சடசடக்க வைக்கும் அந்தக் கட்டைதான் 2017-ல் லாஸ் வேகஸ் இசை விழாவில் கூட்டத்தின்மேல் திரும்பியது. பிறகு தடை வந்தது, 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மச்சானிடம் அது இல்லை. இருந்திருந்தால் அவரோடு ரேஞ்சுக்குப் போயிருக்க மாட்டேன்.

இப்போது அவர் கண் சைலன்சர் மேல். 1934-லிருந்து அதற்கு 200 டாலர் வரி. 2026 ஜனவரியிலிருந்து அந்த வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். மச்சானைப் பொறுத்தவரை அரசாங்கமே 200 டாலரை அவர் கையில் கொடுத்து வாங்கிக்கொள் என்று சொன்ன மாதிரி. சைலன்சர் போட்டால் புகை நிறையப் பின்னால் திரும்பி, சார்ஜிங் ஹேண்டில் இடுக்கு வழியாகச் சுடுகிறவர் கண்ணுக்கு வரும் என்று எடுத்துச் சொன்னேன். அதற்கு அடைப்பு வைத்த ஹேண்டில் விற்கிறார்களாம். எடை அரைக் கிலோ கூடும் என்றேன். மற்றதையெல்லாம் கார்பன் ஃபைபருக்கு மாற்றிவிடலாமாம். விண்ணப்பத்துக்கு விரல்ரேகை கேட்கிறார்கள், போட்டோ கேட்கிறார்கள்.

"வேற யார் கையெழுத்தாவது வேணுமா மச்சான்?" என்று கேட்டேன், அவர் மனைவி காதில் விழும்படி.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே" என்றார்.