கொம்பு இடம்பெயர்தல் என்னும் தோஷத்தைப் பற்றிய ஆராய்ச்சி

பெரிய விஷயங்களைப் பற்றிப் பெரியவர்கள் வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டபடியால், ஈப்போ நகரத்தில் கிராபிக் டிசைன் பயிலும் மாணவனாகிய நான், வகுப்புப் பணிகளைச் செய்து ஒப்படைத்த காலத்தில் என் கண்ணெதிரே நிகழ்ந்ததும், பண்டைய உரையாசிரியர் எவரும் கனவிலும் கண்டிராததுமான ஓர் அற்ப விஷயத்தை, அதாவது தமிழெழுத்தின் கொம்பானது தனக்குரிய மெய்யைக் கைவிட்டு அடுத்த எழுத்தின் முன்னால் போய் நின்றுகொள்ளும் விந்தையை, முறைப்படி ஆராயப் புகுகின்றேன்.

முதலில் தோஷத்தின் லட்சணம். மாநிலச் சுற்றுலாவுக்கு ஒரு சுவரொட்டி தயாரிக்க வேண்டும் என்பது எங்களுக்கு விதிக்கப்பட்ட பணி. 1909-இல் எழுப்பப்பட்ட பர்ச் மணிக்கூண்டும், வெள்ளை மாடங்களோடு கூடிய ரயில் நிலையமும் மாணவர் சுவரொட்டிகளில் இடம்பெறுவது தொன்றுதொட்ட சம்பிரதாயமாகையால் என்னுடையதிலும் இடம்பெற்றன. அவற்றின் மேலே ‘பேராக்’ என்று தட்டினேன். திரையில் எழுந்ததோ ‘பரோக்’. பகரத்துக்கு உரிய இரட்டைக் கொம்பு ஓரடி முன்னேறி ரகரத்தின் இடப்புறத்தில் நின்றது. அதன் வலப்புறத்தில் ஏற்கெனவே ஒரு கால் காத்திருந்தபடியால் இரண்டும் கூடி ஓகாரத்தைப் பிறப்பித்து, சுல்தான் ஆளும் ஒரு மாநிலத்தை எவரும் கேள்விப்படாத ஊராக்கிவிட்டன. இவ்விதமே உணவகப் பட்டியல் ஒன்றில் கேசரி ‘கசேரி’ ஆயிற்று. சோதனைப் பிரதியைக் கண்ட விரிவுரையாளர் தமிழறியாதவர். ஆகவே குற்றம் ஒன்றும் காணாமல், எழுத்துகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தை நான் துணிவோடு கையாண்டிருப்பதாக மெச்சிக்கொண்டார்.

இதற்குக் காரணம் யாது என்ற வினா எழுந்தபோது, கணினி பழசு, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார் ஆய்வுக்கூடத்து உதவியாளர். அணைத்துப் போட்டோம், கொம்பு அசையவில்லை. வகுப்புத் தோழன் ஒருவன் வேறொரு கொள்கையை நாட்டினான்: நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தோட்டந்தோட்டமாகப் பால்மரம் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த ஜனங்களுடைய எழுத்து மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று. கவிநயம் உடைய பூர்வபட்சம்தான். ஆயினும், கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்ட அதேபோல் கடல் கடந்து வந்தவர்களின் பேத்தியாகிய சீனத் தோழியின் எழுத்துகள் பக்கத்துத் திரையில் அணுவளவும் நகராமல் நின்றமையால், இக்கொள்கை நிலைபெறாது.

இனிச் சித்தாந்தம். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். அதில் உச்சரிப்பு முறைப்படி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும்; ஏகாரக் கொம்பைத் தூக்கி மெய்க்கு இடப்புறம் வைக்கும் பொறுப்பு, வரியமைக்கும் மென்பொருளைச் சேர்ந்தது. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்து மெய்யைப் பின்னால் அடித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்து இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளிலோ, விருப்பங்கள் என்னும் பெட்டியைத் திறந்து, எழுத்து என்னும் பிரிவுக்குள் போய், இந்திய மொழி வசதிகளைக் காட்டு என்பதற்கு எதிரேயுள்ள சிறு கட்டத்தில் சரிக்குறி இட்டு, அதன்பின் பத்திப் பலகையில் தெற்காசிய வரியமைப்பைத் தேர்ந்தால் ஒழிய, அந்தப் பொறுப்பை அது ஏற்றுக்கொள்வதில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் வடித்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளுக்குள்ளேயே குடியிருக்க, அவருடைய நாட்டு வகுப்பறையில் ஒரு சரிக்குறி இல்லாமையால் கொம்பு அலைந்து திரிகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் கொம்பின் தலையைச் சுழித்து எகர ஏகார பேதத்தைக் காட்டிய வீரமாமுனிவர், அது எந்த எழுத்தைச் சேர்ந்தது என்பதே பின்னாளில் தர்க்கத்துக்கு உள்ளாகும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

இச்சித்தாந்தத்துக்கு அநுமானப் பிரமாணம் சுங்கை சிப்புட் பக்கத்தில் கிடைத்தது. எழுத்தமைப்புப் பாடத்துக்காகப் பழைய பெயர்ப்பலகைகளைப் படமெடுக்கச் சென்றபோது, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிபட்டுப்போன ஒரு தோட்டத்தில், மிஞ்சியிருந்த மாரியம்மன் கோயிலின் தகரப் பலகையைக் கண்டேன். ‘காலை பூஜை, மாலை பூஜை’ என்னும் வாசகம் நீல வர்ணத்தில். அடியில் பென்சிலால் இழுத்த நேர்கோடு இன்னும் அழியவில்லை. ‘பெருந்தோட்டம்’ என்பதில் கொம்பின் சுழி தடித்தும், தூரிகை எடுபட்ட இடம் மெலிந்தும் இருந்தன. எழுதியவர் யாராயினும், இடமிருந்து வலமாகப் போகும் தூரிகையில் கொம்பு முதலிலும் மெய் அடுத்தும் விழுந்தே தீருமாதலால், அவருக்கு இத்தோஷம் நேர வழியே இல்லை. அப்பலகையில் இரண்டு இடத்திலும் ‘லை’ யானைத் துதிக்கையோடு நின்றது. 1935-இல் பெரியார் தம் குடிஅரசில் கையாளத் தொடங்கி, 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. வகுப்பில் படத்தைக் காட்டியபோது அந்தத் துதிக்கையை எல்லோரும் அலங்காரம் என்றே கொண்டார்கள். நான் மறுக்கவில்லை; மறுத்திருந்தால் அடுத்த பாடவேளையும் எனக்கே வாய்த்திருக்கும்.

எஞ்சியது ஆப்த வாக்கியம். கச்சாங் பூத்தே என்னும் கடலை வகைகளுக்குப் பேர்போன புந்தோங்கில் ஒரு கடலைக் கடைக்குப் பொட்டல லேபிள் வரைவது இறுதிப் பணி. கணினிக்கூடத்தில் எடுத்த பிரதியில் ‘வேர்க்கடலை’ என்பதன் கொம்பு வகரத்தை விட்டு ரகர ஒற்றின் முன் நின்றது. ஐகாரக் குறியோ தாவுதற்கு அடுத்த எழுத்து அகப்படாமையால் வரியின் கடைசியில் ஒண்டியாக நின்றது. இரண்டு தோஷமும் ஒரே சொல்லில் அமைந்த உதாரணம் கிடைப்பது அரிதாகையால், அதைத் திருத்திய பிரதியோடு சேர்த்துக் கடைக்கு எடுத்துப்போனேன். பொட்டலங்களின் வாயை இயந்திரத்தில் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா தலையை நிமிர்த்தாமலே, “என்னா தம்பி, எழுத்தெல்லாம் எடம் மாறி ஒக்காந்திருக்கு?” என்றார். யூனிகோடும் தட்டச்சுப் பொறியும் அறியாத ஒருவர், தோஷத்தின் லட்சணத்தை ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டார்.

திருத்திய லேபிளில் முந்திய துடிப்பு போய்விட்டது என்று விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். கடைக்கார அம்மா அதையே அச்சடிக்கச் சொன்னார், கடையின் தொலைபேசி எண் மட்டும் வேர்க்கடலையைக் காட்டிலும் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.