பிட் மாற்றும் படலம்: ஓர் ஆய்வுரை

மரத்தையும் அக்ரிலிக்கையும் கணினி சொன்னபடி செதுக்கும் சிறு ரவுட்டர்கள் வீட்டு மாடி அறைகளுக்குள் வந்துவிட்டன. ஆயினும் அவற்றின் வெட்டுமுனையான பிட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டும் வினை பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் இருக்கை நிறுவியதாகத் தெரியவில்லை. அக்குறையை இக்கட்டுரை ஓரளவு போக்க முயல்கிறது.

ஆய்வுக் களம், 3018 எனப்படும் எந்திரம். மேசை 30 செ.மீ.க்கு 18 செ.மீ.; மூளை ஜிஆர்பிஎல் என்னும் இலவச மென்பொருள். துணைக்கருவி இரண்டு ஸ்பேனர்கள். இரண்டாவது ஸ்பேனர் தேவைப்படும் வேளையில் கண்ணில் படுவதில்லை. ஆகவே அதன் இருப்பு இங்கே கருதுகோளாக மட்டுமே கொள்ளப்படுகிறது. ஆலைகளில் உள்ள பெரிய எந்திரங்கள் எம்6 என்ற ஆணை கிடைத்ததும் தாமே பிட்டை மாற்றிக்கொள்ளும். மனிதத் துயரம் கலவாத நிகழ்வு ஆதலின் அது விலக்கப்பட்டது. ஜிஆர்பிஎல்லோ எம்6 கேட்டால் பிழை எண் 20 என்று முறையிட்டு நின்றுவிடும். எனவே பிட்டுக்கு ஒரு கோப்பு என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே மரபு.

இனி மூலச் சிக்கல். பிட் மாறினால் எக்ஸும் ஒய்யும் மாறா. உயரத்தைக் குறிக்கும் இசட் மட்டும் மாறும். பிட்டைக் கவ்வும் காலெட்டுக்குள் அதன் தண்டு ஒரு மயிரிழை கூடுதலாகப் போனாலும் முனையின் உயரம் வேறு. போதாக்குறைக்கு, நட்டை இறுக்கும்போது காலெட் பிட்டைச் சற்றே மேலே இழுத்துக்கொள்ளும். ஆகவே புதிய முனை எங்கே இருக்கிறது என்று எந்திரத்துக்கு மறுபடி சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதில் பள்ளிகள் பல. மூத்தது காகிதப் பள்ளி. மரத்தின்மேல் ஒரு தாளை வைத்து அசைத்துக்கொண்டே, அது சிக்கும்வரை பிட்டைச் சிறுகச் சிறுக இறக்குவர். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; அதைக் கழிக்க வேண்டுமா என்பதில் இப்பள்ளிக்குள் பெரும் பிளவு உண்டு. கழிப்போர் கழிக்காதோரை அறியாதோர் என்பர். இருசாராரின் ஒட்டுப்பலகையும் ஒரு மி.மீ. வளைந்திருப்பதை இருசாராருமே பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது தொடுதகட்டுப் பள்ளி. பிட்டில் ஒரு கிளிப், கீழே ஓர் உலோகத் தகடு. இரண்டும் தொட்டதும் மின்சுற்று மூடும், எந்திரம் நிற்கும். ஜி38.2 என்பது இதன் மந்திரம். தகட்டின் தடிமனைக் காலிப்பரால் அளந்து கழித்துவிட்டால் முறை நேர்த்தியானது. கிளிப்பை மாட்ட மறந்தவருக்கோ, எந்திரம் தகட்டையும் துளைக்கத் தக்க பொருளாகவே கருதும்.

இரு பள்ளிகளும் மறக்கும் கேள்வி ஒன்றுண்டு: எதைத் தொடுவது? மரத்தின் மேற்பரப்பில் இசட்டின் சுழியம் வைத்தவருக்கு முதல் பிட் அந்த மேற்பரப்பையே தின்றுவிட்டால், இரண்டாவது பிட் தொட ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பிட்டும் தீண்டாத மேசை மூலையில் சுழியம் வைப்பதே இவ்வாய்வாளரின் துணிபு. மறுப்போர் தம் மரத்தோடு வாதிட்டுக்கொள்க.

ஓர் இடைச்செருகல். ஜிஆர்பிஎல்லில் டாலர்1 என்னும் அமைப்பு இயல்பாக 25. அதாவது நின்ற 25 மில்லிநொடியில் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். பின் ஸ்பேனரை ஓங்கி முறுக்கினால் மேசையோ பிட்டைத் தாங்கும் தலையோ நகரும். நகர்ந்ததை எந்திரம் அறியாது, ஏனெனில் இவ்வகை மோட்டார்கள் தம் இருப்பிடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 255 என்று மாற்றினால் பிடி தளராது. மாறாதன என மேலே சொன்ன எக்ஸும் ஒய்யும் மாறாதிருப்பது இந்த எண்ணின் தயவால் என்க.

இறுதியாக, ஒரு-பிட் சமயத்தார். 3.175 மி.மீ. பிட் ஒன்றையே மாட்டி, பரப்பு, எழுத்து, விளிம்பு அனைத்தையும் அதனாலேயே முடிப்பர். சுழியம் பற்றிய கவலை அவர்களுக்கு வேலைக்கு ஒருமுறைதான். அவர்கள் செதுக்கிய பெயர்ப்பலகைகளில் உள்மூலைகள் எல்லாம் உருண்டே இருக்கும். கேட்டால், டிசைனே அப்படித்தான் என்கிறார்கள்.