சத்தமில்லாத 3 விக்கெட்

எங்க ஊர் டீமில் வாயே திறக்காத பையனுக்கு ஒரு ஓவர்கூடத் தர மாட்டேங்கறாங்க. ஜெயிக்கக் கோபக்காரர்தான் வேணுங்களா?
– ஒரு வாசகர், சென்னிமலை

சேலம் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் யாரையாவது முறைத்துப் பார்த்திருக்கிறீர்களா? 2020இல் வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், பிறந்த மகளைக்கூடப் பார்க்காமல் அங்கேயே காத்திருந்தார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட்!

அந்த டெஸ்டின் கடைசி நாளில் இந்தியா ஜெயிக்க, உடம்பெல்லாம் அடி வாங்கி 211 பந்து நின்ற புஜாராவும் வேண்டியிருந்தது; ஓயாமல் பேசும் ரிஷப் பந்த்தின் 89 ரன்னும் வேண்டியிருந்தது. உங்க ஊர்த் தறியில் நாடாதான் சத்தம் போடும். அதற்காகப் பாவு இல்லாமல் போர்வை நெய்வீங்களா?

வர்ற ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓவரை அந்தப் பையனிடம் கொடுக்கச் சொல்லுங்க.