சூரியனுக்கும் ஒரு பொன்னாடை

உசிலம்பட்டியில் பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வருமா என்று காத்துக் கிடக்கிற பூமி. வெயில் மட்டும் கோரிக்கை மனு இல்லாமலே தினமும் வந்துவிடும். இங்கே பசுமைக் குழு அமைப்பவர்கள் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

ஆனால் நம்மூர்க் குழுக்களின் இலக்கணமே வேறு. முதலில் ஃபிளெக்ஸ். ‘நெகிழியை ஒழிப்போம்’ என்று நெகிழியிலேயே அச்சடிக்க வேண்டும். அடுத்து தலைவர், கௌரவத் தலைவர், துணைத் தலைவர்கள். வெறும் உறுப்பினராக எவராவது மிஞ்சினால் அவருக்கு இணைச் செயலாளர் பதவி. பொன்னாடை முடிந்ததும் மரக்கன்று. படத்துக்காக அதைப் பிடிக்கப் பத்துக் கை வரும்; மறுநாள் தண்ணீர் ஊற்ற ஒரு கையும் வராது. ஆடு மட்டும் தவறாமல் வரும்.

காரியத்தில் இறங்கியவர்களும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிப்போட்டது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகிற மின்சாரத்தை ஈடுகட்டியதுபோக, மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றது. கடன் வாங்கியவர்களுக்குக் கணக்குப் பார்க்கவே நேரம் சரியாக இருந்திருக்கும். பொன்னாடைக்கு ஏது நேரம்?

நமக்குக் காற்றாலைகூட வேண்டாம், வெயிலே போதும். வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட, 2024-ல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அந்த விண்ணப்பத்தைத் தெருவில் நாலு பேருக்கு நிரப்பிக் கொடுக்கும் குழு இருந்தால் சொல்லுங்கள். பதவி வேண்டாம், சந்தா கட்டுகிறேன்.